கயிற்றில் ஒரு கண்



ஆலய மணியின் கயிறு சென்ற மாதம் ஞாயிறு காலையில் அறுந்ததை நீங்கள் அறிவீர்கள். கோயில்பிள்ளைக்குக் காயமில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். இரும்பு வளையத்தில் கட்டியிருந்த முடிச்சின் வாயில்தான் கயிறு இற்றிருந்தது. அந்த முடிச்சைப் போட்டவன் நான்.

சென்னையில் பாய்மரப் படகுகளைப் பராமரிக்கும் நமது சபைத் தம்பி ஒருவர் விடுப்பில் திருவெறும்பூர் வந்திருந்தார். அவர் கொண்டுவந்தது 12 மில்லிமீட்டர் இரட்டைப் பின்னல் கயிறு. உள்ளே ஒரு பின்னல், அதன்மேல் உறையாக இன்னொன்று. பாரத்தை இரண்டும் சேர்ந்தே சுமக்கின்றன. "முடிச்சு வேண்டாம், ஐயா. மடிந்து நெரியும் இடத்தில் ஏறக்குறையப் பாதி பலம் போய்விடும். கண் வைத்துவிடலாம்" என்றார்.

குருமனைத் திண்ணையில் அமர்ந்தோம். கயிற்றின் விட்டத்தைப்போல் 21 மடங்கு, அதாவது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர், ஓர் அளவு. அதைப்போல் ஐந்து மடங்கு தள்ளி, பின்னல்கள் நழுவாதிருக்க ஒரு தற்காலிக முடிச்சு. பிறகு உறையின் இழைகளை விலக்கி உள்பின்னலை வெளியே இழுத்தார். உறையின் நுனியை மெலிதாக்கி உள்பின்னலுக்குள்ளும், உள்பின்னலின் நுனியை உறைக்குள்ளும் குழல் ஊசியால் செலுத்தினார். முடிந்தது என்று எண்ணினேன். வேலையே அப்போதுதான் தொடங்கிற்று. முடிச்சருகிலிருந்து உறையை, பால் கறப்பதுபோல் நீவி நீவி, வெளியே நின்ற பின்னலையெல்லாம் அது மூடும்வரை கொண்டுவர வேண்டும். எனக்குக் கை வலித்தது.

பெல் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற மூப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பி வடத்திலும் இப்படித்தான், ஐயா. புரிகளைப் பிரித்து ஒவ்வொன்றாகச் செருகுவோம். முடிச்சுக்கு இடமே இல்லை."

பழைய கயிற்றிலும் இதைச் செய்யலாமா என்று கேட்டேன். "செய்யலாம். இறுகிப்போயிருக்கும், தண்ணீரில் ஊறவைத்துப் பொறுமையாகத் தொட வேண்டும்" என்றார் தம்பி.

மாற்கு 1:19இல் வலைகளைப் பழுதுபார்ப்பதற்கு வரும் கிரேக்க வினைச்சொல்லே கலாத்தியர் 6:1இல் தவறினவனைச் சீர்பொருந்தப்பண்ணுவதற்கும் வருகிறது. இதை செமினரியில் படித்தேன். பலமுறை பிரசங்கித்தும் இருக்கிறேன். ஆயினும், முன்பு ஊழியம் செய்த சபையில், நிலத்தகராறில் பிரிந்திருந்த அண்ணன் தம்பி இருவரை, திருவிருந்துக்குப் பத்து நிமிடம் முன்பு வேதபாட அறையில் நிறுத்திக் கைகுலுக்க வைத்தேன். மூன்று வாரம்கூட நிற்கவில்லை. அதன்பின் அவர்களை நான் விசாரிக்கவும் இல்லை.

அன்றிரவு பழைய டைரியில் அண்ணனின் எண்ணைத் தேடி எடுத்தேன். "இத்தனை வருஷம் கழித்தா, ஐயா?" என்றார். வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். வைக்கவில்லை. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.