தந்தையார் விட்டுச்சென்ற புல்லட்

என் தந்தையார் 1978ஆம் ஆண்டு வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள், 2022ஆம் ஆண்டுத் தை மாதம் வரை எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் நின்றிருந்தது. மத்திய அரசில் எழுத்தர் பணியேற்றுத் தில்லிக்கு வந்தவர் அவர். வண்டியோ திருவொற்றியூர் ஆலையில் செய்யப்பட்டது. ஆகவே அதனை "நம்மூர்க்காரன்" என்றே குறிப்பிடுவார். தைப்பூசத்தன்று நாங்கள் நால்வரும் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு அதிலேதான் செல்வோம். தங்கை டாங்கின்மேல், நான் நடுவில், அம்மா ஒருக்களித்துப் பின்னால். இன்று நினைத்தால் அச்சமாக இருக்கிறது.

அதனைக் கிளப்புவது எளிதன்று. அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை உதைகோலை மெல்ல அழுத்த வேண்டும். பிறகு கைப்பிடியிலுள்ள சிறு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு இன்னும் சற்று இறக்கி, அதை விட்டுவிட்டு, ஒரே மூச்சில் உதைக்க வேண்டும். பிசகினால் உதைகோல் காலைத் திருப்பி அடிக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். மார்கழி மூடுபனியில் தந்தையார் அதனோடு போராடுவதை, அம்மா காப்பித் தம்ளருடன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

முழங்கால் வலியால் உதைக்க இயலாதுபோன பின்னும், ஞாயிறுதோறும் துடைப்பதை அவர் நிறுத்தவில்லை. 2016இல் மறைந்தார்.

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. மூச்சுத் திணறும் இந்நகரில் அதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வண்டியை உடைப்பதற்குக் கொடுக்கலாம். தடையில்லாச் சான்று பெற்று வெளிமாநிலத்துக்கு அனுப்பலாம். 2021இல் வந்த விதிப்படி ஐம்பதாண்டு நிறைந்த வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதிவுசெய்யவும் வழியுண்டு. இன்னும் ஆறே ஆண்டுகள்! காத்திருப்போம் என்று முடிவுசெய்து அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பா போனதுக்கு அப்புறம் நீ எத்தனை தடவை துடைச்சே?" என்று கேட்டார்.

இரண்டு முறை. அதுவும் தீபாவளிக்கு. பழைய நாளிதழ்க் கட்டுகளை அதன்மேல் அடுக்கிவைத்தவனும் நானே. வண்டியைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, முடிவெடுப்பதைத்தான் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

தென்காசியில் வாழும் தங்கையின் மகன் அதை நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கே அனுப்பினோம். நிஜாமுதீன் நிலையத்தில் பெட்ரோலை முற்றிலும் வடித்து, சாக்குச் சுற்றி, பார்சலில் ஏற்றினேன். நாங்கள் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. அது திரும்பிற்று என்ற எண்ணம் வழியெல்லாம் வருத்தியது. வீடு வந்ததும் வெறுமையாய்க் கிடந்த மாடிப்படியடியை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வண்டியில் ஒருநாளும் கைவைத்தறியாத அம்மா, அன்றிரவு உணவு பரிமாறுகையில் கேட்டார்:

"முள்ளு நடுவிலே வந்தப்புறம்தான் உதைக்கணும்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னியாடா?"