பந்தலும் பங்கும்

சுருளிப்பட்டியின் திராட்சைப் பந்தல் நிழலில் வளர்ந்தவர்கள் நாம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியேற்றி, முதற்குலையைக் காணும்வரை கைப்பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வருவாய்க்கு முன்னே செலவு வந்து நிற்கும் தொழில் நமக்குப் புதிதன்று. ஆயினும் 'துணிகர முதலீடு' என்னும் சொல் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது திகைத்தே போனோம்.

கணினியியல் பயின்ற நம் தமக்கை மகன், நண்பர் இருவருடன் ஒரு கைபேசிச் செயலியை உருவாக்கத் தொடங்கினான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் பல ஊர்ச் சந்தைகளில் அன்றாடம் கிடைக்கும் விலையை, விவசாயி தம் தோட்டத்திலிருந்தே அறிய உதவும் செயலி அது. அதனை நிறைவு செய்யப் பணம் வேண்டியிருந்தது. தோட்டத்தை ஈடு வைக்க அவன் தந்தையார் முன்வந்தார்.

"தோற்றால் பந்தலும் போய்விடும் மாமா, வேறு வழி சொல்லுங்கள்" என்று நம்மிடம் வந்தான். இலக்கணம் கற்பிக்கும் நாம் அவனிடமே பாடம் கேட்டோம்.

கடனென்றால் வட்டியும் ஈடும் உண்டு. தொழில் நொடித்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும். துணிகர முதலீட்டாளரோ நிறுவனத்தில் பங்கு பெறுகின்றார். நிறுவனம் வீழ்ந்தால் அவர் பணமும் வீழும். உயர்ந்தால் அவர் பங்கும் உயரும். பல முயற்சிகள் பொய்த்தாலும், ஒன்றிரண்டின் பெருவளர்ச்சி அவ்விழப்பை ஈடுகட்டும் என்பது அவர் கணக்கு. 2010இல் சென்னையில் தோன்றிய ஃபிரெஷ்வொர்க்ஸ் இத்தகைய முதலீட்டால் வளர்ந்து, 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. 1996இல் தொடங்கப்பெற்று இன்று சோஹோ எனப்படும் நிறுவனமோ, அம்முதலீட்டை நாடாமலே வளர்ந்து, தென்காசியை அடுத்த மத்தளம்பாறை வரை கிளை பரப்பியது.

முதலீட்டாளர் ஒருவரைக் காண அவனுடன் நாமும் சென்னை சென்றோம். கனிவாகவே பேசினார். "ஒரு பள்ளத்தாக்கின் திராட்சை போதாது, மூன்றாண்டுக்குள் நாடு முழுவதும், எல்லா விளைபொருளுக்கும் விரிய வேண்டும்" என்றார். அவரை நம்பிப் பணம் தந்தோர்க்கு அவரும் கணக்குச் சொல்ல வேண்டுமல்லவா?

வெளியே வந்ததும், "ஒப்புக்கொள், தம்பி, பணம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்றோம்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய ஆண்டில், அறுவடை நாளன்று விலை சொல்ல அவருக்கு வாய் இருந்ததா மாமா?" என்றான்.

நாம் தலைகுனிந்தோம். குலைகள் எடையேறிய அந்நாளில், சொன்ன விலைக்குத் தலையசைத்து நின்ற எம் தந்தையாரைச் சிறுவயதில் நேரில் கண்டவர்கள் நாம். அதனைக் கேள்விப்பட்டு மட்டுமே அறிந்தவன் அவன். கண்டவர் மறந்தோம், கேட்டவன் மறக்கவில்லை.

அவன் அம்முதலீட்டை ஏற்கவில்லை. தொடக்கநிலை நிறுவனங்களுக்குத் தமிழக அரசின் 'டான்சீட்' திட்டம் வழங்கும் 10 இலட்சம் ரூபாய்க்கு விண்ணப்பித்துக் காத்திருக்கின்றான். அங்கும் சிறு பங்கு தர வேண்டும். அதனை அறிந்தே விண்ணப்பித்தான். தோட்டப் பத்திரம் எம் தமக்கையின் பெட்டியிலேயே இருக்கின்றது.

மாணவச் செல்வங்களே! தொழில் தொடங்கப் பிறர் பணம் பெறுவது இழுக்கன்று. எவ்வளவு தருவார் என்று கேட்குமுன், எத்தனை ஆண்டில் எவ்வளவு வளர்ச்சியை எதிர்பார்க்கின்றார் என்று கேளுங்கள். கொடிக்கு அதன் பருவம் உண்டு. அதனை அறிந்து பந்தலிடுங்கள்.