அண்ணனின் சிடியும் ஒரு பழைய எழுத்துருவும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் அண்ணி பீரோவை ஒழித்தபோது ஒரு சிடி கிடைத்தது. 2003-ல் அண்ணன் தன் வாழ்க்கைக் கதையை எழுதி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்கினார். ஒரே ஒரு பிரதிதான் எடுத்தார். "படிச்சுப் பாருடா" என்று என்னிடம் நீட்டினார். பரீட்சைத் தாள் திருத்திவிட்டுப் பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. பிறகு அந்தப் பிரதி ஒரு மழையில் நனைந்து வீணாகிவிட்டது. அண்ணனும் போய்ப் பத்து வருடம் ஆகிறது. இந்த வருடத் திதிக்கு அதைப் புத்தகமாகப் போட்டுத் தரமுடியுமா என்று அண்ணி கேட்டார்.

சிடியில் இரண்டு கோப்புகள். ஒன்று பேஜ்மேக்கர், என் கணினியில் திறக்கவே இல்லை. இன்னொன்று வெறும் டெக்ஸ்ட் கோப்பு. அது திறந்தது, ஆனால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஒரு வார்த்தை புரியவில்லை. இணையத்தில் கிடைத்த புதுத் தமிழ் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. இப்போதைய யூனிகோடில் தமிழ் எழுத்துக்கு என்று தனி இடம் உண்டு. அந்தக் கால எழுத்துருக்களில் பலவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எந்த எழுத்துருவில் அடித்தார்களோ, அதே வகை இருந்தால்தான் தமிழாகத் தெரியும். டெக்ஸ்ட் கோப்பில் எழுத்துருவின் பெயரும் இருக்காது.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். அரைப்புள்ளி அளவுக்கு மீறி வந்தது. தமிழில் அப்படி வருவது மெய்யின் புள்ளிதானே? அடிக்கடி வந்த ஒரு வார்த்தை: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இன்னொன்று: எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச். முதலும் கடைசியும் ஒன்று, நடுவில் ஒரே எழுத்து இரட்டிக்கிறது. அம்மா, அப்பா! அப்படியானால் கே என்றால் ம, ஜி என்றால் ப. அடுத்து ஜே, கே, அரைப்புள்ளி, ஜி, பி என்று ஒரு வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வந்தது. நடுவில் 'ம்ப' இருக்கிறது. தம்பி. நான்தான்.

இதை வாட்ஸ்அப்பில் பழைய மாணவி ஒருத்திக்கு அனுப்பினேன். அச்சகம் வைத்திருக்கிறாள். உடனே போன் செய்தாள். "சார், இது தமிழ் டைப்ரைட்டர் வரிசை. யளனக அடிச்ச கை எனக்கு. அந்த வரிசையில வர்ற ஃபாண்ட்னா பாமினிதான், போட்டுப் பாருங்க" என்றாள். போட்டேன். கோப்பு முழுவதும் ஒரே நொடியில் தமிழானது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

பிறகு என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றினோம். அதில் ஒரு சிக்கல். அண்ணன் ஆங்கிலத்திலேயே போட்டிருந்த எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. எல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாகிவிட்டன. அதைத் திருத்த வரிவரியாகப் படிக்க வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்தப் பக்கத்துக்கு வந்தேன்.

1970-ல் அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யில் 600-க்கு 431 வாங்கியிருக்கிறார். பி.யூ.சி.க்கு இடமும் கிடைத்திருக்கிறது. அந்த வருடம்தான் அப்பா இறந்தார். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை யாருக்கும் காட்டாமல், "எனக்குப் படிப்பு ஏறாதும்மா" என்று சொல்லிவிட்டு ரைஸ்மில்லில் கணக்கு எழுதப் போயிருக்கிறார். 1976-ல் என் ஆசிரியர் பயிற்சிக்குக் கட்டிய பணம் அந்தச் சம்பளத்தில் சேர்த்தது.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். படிக்காத பையனைத் திட்டும்போதெல்லாம், "எங்க அண்ணனுக்குப் படிப்பு ஏறலை, மில்லுல மூட்டைக் கணக்கு எழுதுறார், பார்த்துக்கோ" என்று வகுப்பில் சொல்லுவேன். முப்பது வருடத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். அது பொய். எனக்குத் தெரியாது, ஆனாலும் பொய்தான். கேட்ட எல்லோரும் திருத்திக்கொள்ளுங்கள்.

புத்தகத்துக்கு எழுத்துரு தேடியதையும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் உள்ளவை மட்டும் வரும். இலவசம், அச்சுக்கும் பயன்படுத்தலாம். பெயரைப் பார்த்து மயங்காமல் நம் சொந்த வரியை அடித்துப் பாருங்கள். ணு, ஞூ, ஸ்ரீ மூன்றும் பார்க்கச் சகிக்கிறதா என்று கவனியுங்கள். கட்டமரான், ஹிந்த் மதுரை, முக்த மலர் மூன்றிலும் ஒரே பக்கத்தைத் தாளில் அச்செடுத்து அண்ணியிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதுதான் கண்ணை உறுத்தலை தம்பி" என்று முக்த மலரைக் காட்டினார். அதிலேயே அறுபது பிரதி போடச் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் திதியன்று வாங்கிக்கொள்ளலாம். வெளியூர் மாணவர்கள் முகவரி அனுப்புங்கள், தபாலில் அனுப்புகிறேன்.