ஆம்பளைக் கூலி

பெண்கள் டென்னிஸில் பரிசுப் பணம் எகிறிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு நுங்கம்பாக்கம்தான் ஞாபகம் வரும். 2022 செப்டம்பரில் அங்கே நடந்த சென்னை ஓப்பன் இறுதிப் போட்டியை கிளியூரில், சிக்னல் விட்டுவிட்டு வரும் மொபைலில் பார்த்தேன். முதல் செட்டைத் தோற்ற 17 வயது லிண்டா ஃப்ருவிர்டோவா, மாக்டா லினெட்டை ஜெயித்தாள். "சுமார் 26 லட்சம் கிடைக்கும்மா" என்றேன். எஸ்டேட்டில் ஆம்பளைக் கூலி, பொம்பளைக் கூலி என்று பிரித்து வாங்கிய அம்மா கேட்டாள்: "ஆம்பளைங்களுக்கும் இதே காசா கண்ணு?"

கிராண்ட்ஸ்லாமில் ஆமாம். 1970இல் ஹூஸ்டனில் பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது பேர் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1973இல் யுஎஸ் ஓப்பன் சமப் பரிசு கொடுத்தது. விம்பிள்டனுக்கு மனசு வர 2007 ஆனது!

நுங்கம்பாக்கத்துக் கணக்கு வேறு. அதே மைதானத்தில் 2017இல் நடந்த ஆண்கள் போட்டியின் மொத்தப் பரிசு 4 லட்சம் டாலருக்கு மேல். ஐந்து வருஷம் கழித்து வந்த பெண்கள் போட்டிக்கு 2,51,750 டாலர். இரண்டுமே 250 தரம். 'ஆம்பளைங்க அஞ்சு செட் ஆடுறாங்களே' என்ற சமாதானமும் எடுபடாது. இங்கே அவர்களுக்கும் மூணு செட்தான்.

2033க்குள் 500, 1000 தரப் போட்டிகளில் சமப் பரிசு என்று டபிள்யூடிஏ 2023இல் அறிவித்தது. 250 போட்டிகள் அந்தத் திட்டத்தில் இல்லை.