கைப்பேசி நுழையாத செந்தூர்ச் சந்நிதி

தூத்துக்குடியிலிருந்து தெற்கே, முள்ளக்காடு, பழையகாயல், ஆத்தூர், ஆறுமுகநேரி வழியே சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் செந்திலாண்டவனின் திருத்தலம். அறுபடை வீடுகளுள் இரண்டாவதான திருச்செந்தூருக்குத் திருச்சீரலைவாய் என்பது பழம்பெயர்.

இக்கடற்கரை முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்றது. அக்காலத்தில் ஒருவர் கல்லின் துணையால் கடலில் மூழ்குவார். தோணியில் மற்றொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருப்பவர் கயிற்றை அசைத்தவுடன் மேலிருப்பவர் இழுத்தாக வேண்டும். பேச இயலாத அவ்விடத்தில், ஒருவரின் உயிர் மற்றவரின் கவனத்தில் இருந்தது.

அத்தகைய கவனம் சந்நிதிகளில் குறைந்து வந்ததை அன்பர்கள் அறிவர். கைகூப்ப வேண்டிய வேளையில் கைகள் கைப்பேசியை உயர்த்தின. மூலவரையும் அபிஷேகத்தையும் படமெடுப்பது பெருகியது. திருச்செந்தூர் ஆலயம் தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில், தமிழகத் திருக்கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. கைப்பேசிகளை வெளியே ஒப்படைத்துச் செல்லும் வழக்கம் வந்தது.

இதனால் விளைந்த நன்மை தரிசனத்தோடு நின்றுவிடவில்லை. வரிசையில் காத்திருக்கும் நேரம், குடும்பத்தார் ஒருவரோடொருவர் பேசும் நேரமாகவும் மாறுகிறது. பன்னீர் இலையில் விபூதி வழங்குவது ஏன் என்று பேரக்குழந்தை கேட்டால், அதன் பன்னிரு நரம்புகள் முருகனின் பன்னிரு கரங்கள் என்று பாட்டி சொல்லலாம். உப்புக் கடலுக்கு அருகிலேயே நாழிக்கிணற்றில் நன்னீர் சுரப்பதையும், படைவீரரின் தாகம் தீர்க்க வேலவன் அதனை உண்டாக்கினான் என்னும் ஐதிகத்தையும் தாத்தா கூறலாம். இவை திரையிலும் கிடைப்பவையே. ஆயினும் பெரியவர் கைபிடித்துச் சொல்லும்போதுதான் அவை குடும்பத்தின் சொத்தாகின்றன.

கைப்பேசியால் நன்மையே இல்லை என்று கூறுவதற்கில்லை. கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோருக்குக் காட்டுவது அதுவே. கூட்டத்தில் பிரிந்தவரைத் தேடவும் அது உதவுகிறது. எனவே உள்ளே செல்லுமுன், பிரிய நேர்ந்தால் எங்கே சந்திப்பது என்பதை முதியோர் தம் குடும்பத்தாரோடு பேசி வைத்துக்கொள்வது நலம். உறவினரின் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பதும் நல்லது.

ஆலய வாயிலில் கடைப்பிடிக்கும் இந்நியமத்தை இல்லத்திலும் சிறிது நேரம் கொள்ளலாம். மாலையில் விளக்கேற்றும் வேளையிலும் அனைவரும் உணவருந்தும் வேளையிலும் கைப்பேசிகள் ஓரிடத்தில் இருக்கட்டும். அதனைப் பெரியவர்களே முதலில் செய்து காட்டினால், இளையவர் பின்பற்றுவர். எதிரே அமர்ந்திருப்பவர் முகம் நோக்கிப் பேசுவதும் முருகனுக்கு உகந்த வழிபாடே.