ரஜாங் நதிக்கரையில் ஓர் இலுப்பை

சிபு நகரத்துப் படகுத்துறையில் காலை ஏழு மணிக்கு நான் ஏறி உட்கார்ந்த விரைவுப் படகு, சிறகுகளைக் கழற்றிவிட்டு நீரில் இறக்கிய ஆகாய விமானத்தைப் போலவே இருந்தது. நீண்டு ஒடுங்கிய இரும்புக் கூடு, உள்ளே வரிசை வரிசையாக ஆசனங்கள், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள். கூரையின்மேல் அரிசி மூட்டைகள், கூடையில் அடைபட்ட கோழிகள், கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள். நான் போன அந்த வருஷத்தில் சிபுவுக்கும் கபிட்டுக்கும் இடையே சாலைத் தொடர்பு கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையும், பிரசவத்துக்குப் போகிற தாயும், பிணமாகித் தன் ஊருக்குத் திரும்புகிற கிழவனும் அந்த ரஜாங் நதியின் வழியாகவே போய் வந்தார்கள்.

ரஜாங், மலேசியாவின் நதிகளுள் மிக நீளமானது. சுமார் 560 கிலோமீட்டர். நீளத்தில் நம் காவிரிக்குக் குறைந்ததுதான். ஆயினும், வருஷத்தில் பாதி நாள் மணலைக் காட்டிக்கொண்டு கிடக்கும் நதியின் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு, கோடை என்பதையே அறியாத ஒரு தேசத்தின் மழை முழுவதையும் சுமந்துகொண்டு, கரைகள் இரண்டும் புகைப்படலமாய்த் தோன்றும்படி அகன்று, ஆரவாரமின்றி நகர்ந்து வரும் அந்தப் பிரவாகத்தைக் கண்டபோது, நதி என்ற சொல்லுக்கு இதுகாறும் நான் பாதி அர்த்தமே கண்டிருந்தேன் என்று பட்டது. நீரின் நிறம் பால் விட்ட தேநீரின் நிறம். அந்த நிறம் நதிக்கு இயற்கையானதன்று. எங்கள் வாலிபத்தில் இதில் காசைப் போட்டால் அடியில் கிடப்பது தெரியும் என்று முதியவர்கள் சொல்லுகிறார்கள். மேலே மலைச்சரிவுகளில் பல பத்தாண்டுகளாக மரம் வெட்டியதன் பயனாக இறங்கிய மண்தான் அது. வழிநெடுகக் கரையோரங்களில் எண் பொறித்த அடிமரங்கள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்தன. தெப்பமாய்ப் பிணைத்த மரங்களை இழுத்துக்கொண்டு சிறு நீராவிப் படகை ஒத்த இழுவைப் படகுகள் எதிரே வந்துகொண்டிருந்தன.

கனோவிட், சோங் என்னும் இரண்டு ஊர்களில் நின்று, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிரயாணம் செய்து கபிட்டை அடைந்தோம். ஊர் உயர்ந்த கரையின்மேல் இருக்கிறது. மிதவைத் துறையிலிருந்து நீண்ட படிகளில் ஏறிப் போக வேண்டும். படியின் உச்சியில் என் நண்பர் காத்திருந்தார். பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்த தமிழர். ஆசிரியர் உத்தியோகத்தில் இங்கே மாற்றலாகி வந்து, வந்த இடத்தின்மேல் பிரியம் கொண்டு, திரும்பிப் போக விரும்பாமல் தங்கிவிட்டவர். என் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டு அவர் கேட்ட முதற் கேள்வி, “ஆத்தைப் பாத்தீங்களா, அண்ணே?” என்பது.

துறைக்கு அருகிலேயே நதியைப் பார்த்தபடி சில்வியாக் கோட்டை நிற்கிறது. கோட்டை என்றவுடன் செஞ்சியையோ வேலூரையோ மனத்தில் கொள்ளலாகாது; இது முற்றிலும் மரத்தால் ஆன வெள்ளைக் கட்டடம். போர்னியோத் தீவில் உள்ள இந்தச் சரவாக்கை ஆண்ட வெள்ளை ராஜாக்களில் இரண்டாமவரான சார்லஸ் புரூக் 1880-இல் இதைக் கட்டினார். இபான் ஜனங்கள் மேல்நதிக்குப் போய் அங்குள்ள காயான் முதலிய இனத்தாரோடு சண்டையிடாமல் தடுப்பதே நோக்கம். 1925-இல் அடுத்த ராஜாவின் மனைவியான சில்வியாவின் பெயரை இதற்கு இட்டார்கள். கட்டியிருப்பது பெலியான் மரம். நீரில் போட்டால் இரும்புபோல் அமிழ்ந்துவிடும், கரையான் தொடாது, மழைக்கு உளுக்காது. அந்த மரச்சுவரில், எந்த எந்த வருஷத்தில் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறிற்று என்று குறித்து வைத்திருக்கிறார்கள். கோட்டையைக் கட்டியவர்கள் மனிதருக்குப் பயந்து கட்டினார்கள். சுவரில் பதிவானதோ நதியின் வருகை.

அந்த மனிதப் பகையும் இவ்வூரிலேயேதான் தீர்ந்தது. 1924 நவம்பரில், தலைமுறை தலைமுறையாக ஒருவர் தலையை ஒருவர் கொய்துவந்த இபான், காயான், கென்யா இனத்தார், டச்சுக்காரர் ஆண்ட போர்னியோப் பகுதியிலிருந்து வந்தவர்கள் உட்பட, கபிட்டில் கூடி, பன்றி பலியிட்டு, இனிப் பகை இல்லை என்று பிரதிக்ஞை செய்துகொண்டார்கள். பட்டணங்களில் கையெழுத்தாகும் உடன்படிக்கைகள் பல, மை காய்வதற்குள் மீறப்பட்டதை நாம் அறிவோம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஜனங்கள் அன்று செய்த சத்தியத்தை மகத்தான காரியமாகவே நான் மதிக்கிறேன்.

மறுநாட் காலை தெரசாங் சந்தைக்குப் போனோம். ஜனவரி மாதம், விடாத மழை. சுருள் சுருளாக நுனி மடங்கிய மிடின் என்னும் கீரைப்பெரணி, மூங்கில் குருத்து, பந்துபோல் உருண்ட புளிக்கத்திரிக்காய், காட்டு இஞ்சிப்பூ இவற்றுக்கு நடுவே, கருஞ்சிவப்பான கொட்டைகளை ஒரு கிழவி சிறு குன்றாகக் குவித்து வைத்திருந்தாள். சிலவற்றில் சிறகுகள் இன்னும் ஒட்டியிருந்தன: நீளமானவை மூன்று, குட்டையானவை இரண்டு.

“இது என்ன, தம்பி?”

“எங்கபாங், அண்ணே. காட்டு மரத்துக் கொட்டை. வருஷா வருஷம் காய்க்காது. சில வருஷத்துக்கு ஒருக்கா, எல்லா மரமும் சேர்ந்தாப்ல காய்க்கும். நீங்க நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. வெளிநாட்டு வியாபாரத்துல இதுக்கு ‘இல்லிப்பே’ன்னு பேரு. சாக்லேட்டுல சேக்கிறாங்க.”

நான் அவரை மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னேன். இல்லிப்பே! சந்தேகமே இல்லை, அது நம் இலுப்பை. தமிழ்நாட்டு இலுப்பை வித்தையும் அதன் எண்ணெயையும் முன்பே அறிந்திருந்த ஐரோப்பிய வணிகர்கள், போர்னியோக் காட்டிலிருந்து அதேபோல் கொழுப்பு நிறைந்த கொட்டை வந்தபோது, பழைய பெயரையே புதிய பண்டத்துக்கும் இட்டுவிட்டார்கள். இரண்டு மரங்களுக்கும் உறவு கிடையாது. எங்கபாங், குங்கிலியம் தரும் மரங்களின் குலத்தைச் சேர்ந்தது. அந்த உறவும் நமக்கு அந்நியமன்று; திருக்கடவூரில் குங்கிலியக் கலயர் மனைவியின் தாலியைக் கொடுத்தும் தூபமிட்ட கதையை நாம் கேட்டே வளர்ந்தோம். எங்கள் ஊர்க் கோயில் குளக்கரையில் நின்ற நான்கு இலுப்பை மரங்களும், சித்திரை மாதத்தில் அவற்றின் கீழே பூ உதிர்ந்து மணத்த விடியற்காலையும், கருவறைத் தூண்டாவிளக்கில் எரிந்த எண்ணெயின் மங்கலான மஞ்சள் வெளிச்சமும், ஒரு கடலுக்கு அப்பால், மொழி தெரியாத சந்தையில், மழையில் நின்றிருந்த என் நினைவுக்கு வந்து கண் கலங்கச் செய்தன. அம்மரங்கள் நான்கும் இன்றில்லை.

அன்று பிற்பகல், கபிட்டுக்குச் சற்று மேலே ரஜாங்கோடு வந்து கலக்கும் பாலே நதியில், நீண்ட மரப்படகில் ஒரு மணி நேரம் போய், நண்பருடைய மாணவன் ஒருவனின் நீளவீட்டை அடைந்தோம். ஒரே கூரையின்கீழ் ஒரு கிராமம் முழுவதும் வாழும் வீடு அது. குடும்பம் ஒன்றுக்கு ஒரு பிலிக், அதாவது தனி அறை. எல்லா அறைகளின் வாசலும் திறக்கிற நீண்ட பொதுக்கூடத்துக்கு ருவாய் என்று பெயர். அந்த ருவாய் யாருக்கும் தனிச் சொத்தன்று; எனினும் ஒவ்வொரு குடும்பமும் தன் வாசலுக்கு எதிரே உள்ள பாகத்தைக் கூட்டிப் பெருக்கிக் காக்கிறது. நம் பழைய வீடுகளின் திண்ணையை ஓரூர் முழுவதுக்கும் ஒன்றாக நீட்டிப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. பையனின் பாட்டனார் பாயை விரித்து எங்களை உட்கார்த்தினார். இபான் மொழியில் பாட்டனுக்கு ஆக்கி என்றும், தகப்பனுக்கு அப்பாய் என்றும் சொல்லுகிறார்கள். அப்பாய் என்ற சொல் என் காதில் விழுந்தபோதெல்லாம் யாரோ என் வீட்டார் கூப்பிடுவதுபோல் இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் சுடச்சுட மலைநெல் சோறு வந்தது. ஆக்கி ஒரு மூங்கில் குழாயைப் பிளந்து, உள்ளே மெழுகுவர்த்திபோல் உறைந்திருந்த வெளிர்மஞ்சள் கட்டியைக் கத்தியால் சீவி என் சோற்றின்மேல் இட்டு, உப்புக்கல் தூவினார். எங்கபாங் கொழுப்பு! அது உருகிச் சோற்றில் இறங்கியபோது எழுந்த வாசனை, நெய்யின் கனமும் பச்சைக் கொட்டையின் துவர்ப்பும் கலந்தது. நதியில் மிதந்து வரும் கொட்டைகளைப் படகில் போய் அள்ளி, ஊறவைத்து ஓடு நீக்கி, உலர்த்தி, இடித்துப் பிழிந்து, மூங்கிலில் ஊற்றி உறையவிட்டால், அடுத்த காய்ப்பு வரும்வரை பல வருஷம் கெடாது என்றார்.

“நாங்கள் மட்டும் தின்பதில்லை, மீனும் தின்கிறது” என்று அவர் சொன்னதை நண்பர் மொழிபெயர்த்தார். எம்புராவ் என்று ஒரு மீன், கெண்டைக் குலத்தது, கிலோ பல நூறு ரிங்கிட்டுக்கு விலைபோகிறது. கரைமரத்திலிருந்து நீரில் விழும் எங்கபாங் முதலிய கனிகளைத் தின்பதாலேயே அதன் மாமிசத்துக்கு அந்த ருசி என்பது அவர்கள் கண்ட உண்மை. மரம் போனால் மீன் போகும். ஆக்கி இதைத் துக்கமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுவதுபோல் சொன்னார்.

2010 அக்டோபரில் இதே பாலே நதியின் மேற்பகுதியில் சரிவு ஏற்பட்டு, வெட்டிப்போட்ட மரக்கழிவு முழுவதும் வெள்ளத்தில் இறங்கி, தண்ணீரே கண்ணுக்குத் தெரியாதபடி ரஜாங்கை மூடிக்கொண்டு சிபுவையும் கடந்து போயிற்று. மேலே பகுனில் 205 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய அணையில் நீர் தேக்கத் தொடங்கியதும் அதே மாதத்தில்தான். அந்த நீர்த்தேக்கத்துக்காகச் சுமார் 10,000 பேர் தம் நீளவீடுகளை விட்டு வேறிடம் போனார்கள். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை; நான் விளக்கு வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒரு நதியின் ஜனங்களிடம் அவர்களுடைய கரையை எடுத்துக்கொள்ளுகிறவர்கள், அக்கரையின் மரத்துக்கும் மீனுக்கும் சோற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் உட்கார்ந்து கேட்டறிய வேண்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்கிறேன். 1963-இல் மலேசியா உருவாவதற்கான உடன்படிக்கையில் சரவாக்கின் சார்பில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர், கபிட் வட்டாரத்து இபான் தலைவர் துன் ஜுகா. மலேசியா கரும்பைப்போல் ஆகிவிடக் கூடாது, அடி இனித்து நுனி சப்பென்று போய்விடக் கூடாது என்று அவர் எச்சரித்ததை இங்கே சிறு பிள்ளைகளும் சொல்லுகிறார்கள். நல்லோர் நட்பை நுனியிலிருந்து அடிக்குக் கரும்பு தின்பதற்கு ஒப்பிடும் மரபில் வந்த நமக்கு, அந்த வாக்கியத்தின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விடிந்ததும் ஆக்கி என்னைக் கரைக்கு அழைத்துப் போனார். கையில், முளைவிட்ட எங்கபாங் ஒன்று. ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று நண்பர் மூலம் கேட்டேன். சிரித்து, மறுப்பாகத் தலையசைத்தார்; இந்த விதை காத்திருக்காது, சில நாட்களுக்குள் மண்ணைக் காணாவிட்டால் செத்துவிடும் என்றார். மரத்தை நட்டவனுக்கும் அவன் சந்ததிக்கும் அதன் காய் சொந்தம் என்பது அவர்கள் வழக்கம். நான் குழி தோண்டி, அவருடைய கடைசிப் பேத்தியின் பெயரைச் சொல்லி அதை நட்டேன். அடையாளத்துக்கு அவர் மூன்று மூங்கில் குச்சிகளைச் சுற்றிலும் ஊன்றினார்.

கபிட்டிலிருந்து பாலே நதியில் ஒரு மணி நேரப் பிரயாணத்தில், இடது கரையில், செங்குத்தான மரப்படிகளுக்கு மேலே அந்த வீடு இருக்கிறது. அவ்வழியே போகும் தமிழன்பர் எவரேனும் இருந்தால், படிக்கு வலப்புறம் அந்தக் கன்று நிற்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுத வேண்டுகிறேன்.