சேதுக்கரையில் கண்ட பறவை

சங்கரன்கோவில்காரர்களுக்குப் புற்று புதிதன்று. கோமதி அம்மன் சந்நிதிக்குப் போனால் புற்று மண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொள்ளாமல் வீடு திரும்ப மாட்டோம். சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, பூமிக்குள் வாசம் செய்யும் ஜீவன் என்றால் பாம்புதான். ஒரு பக்ஷி, அதிலும் சமுத்திரக்கரைப் பக்ஷி, வளை தோண்டி மண்ணுக்குள் முட்டையிடும் என்று யாரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன்.

தை அமாவாசைக்குத் தகப்பனாருக்குத் தர்ப்பணம் செய்ய ராமேசுவரம் புறப்பட்டோம். விருதுநகர், மானாமதுரை வழியாக ரயில் பிரயாணம். பழைய பாம்பன் பாலம் 1914-இல் திறந்தது. 2025-இல் அதற்குப் பக்கத்தில் புதிய பாலம் வந்துவிட்டது. அதன் மேல் வண்டி ஊர்ந்தபோது எங்கள் தாயார் கண்ணை மூடியவர், தீவு வந்த பிறகே திறந்தார்.

ஸ்நானம் முடிந்த மறுநாள் அரிச்சல்முனைக்குப் போனோம். 1964 டிசம்பர்ப் புயல் விழுங்கிய தனுஷ்கோடியின் இடிந்த சுவர்களைக் கடந்து, 2017-இல் திறந்த சாலை இப்பொழுது மணல்முனை வரையில் செல்கிறது. வழியில் நீர் வற்றிய சேற்று வெளி ஒன்றில் முப்பது நாற்பது பறவைகள் நின்றன. உடல் வெண்மை, முதுகும் இறக்கையின் ஓரங்களும் கறுப்பு. சங்கரரும் நாராயணரும் ஒரே திருமேனியில் விளங்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்த இரு நிறச் சேர்க்கை உடனே பிடித்துப்போயிற்று. கால்கள் நீண்டவை. அலகு மட்டும் அந்த மெல்லிய உடலுக்குப் பொருந்தாத பருமன். சற்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். சட்டென்று குனிந்து நண்டு ஒன்றைத் தூக்கி அலகால் அடித்து நொறுக்கும்.

படம் பிடிக்க வேண்டுமென்று வண்டியிலிருந்த பிள்ளைகள் ஆசைப்பட்டனர். நான்தான் இறங்கிப்போய்க் கையைத் தட்டினேன். கூட்டம் முழுவதும் எழும்பியது. பழுப்பு நிறக் குஞ்சு ஒன்று மட்டும் பின்தங்கிக் கத்திக்கொண்டே நின்றது. அதன் முன்னே பாதி உடைந்த நண்டு கிடந்தது.

சற்றுத் தள்ளி தூரதிருஷ்டிக் கண்ணாடியுடன் உட்கார்ந்திருந்த வயோதிக உபாத்தியாயர் ஒருவர் எழுந்து வந்தார். கோபிக்கவில்லை. "ஐயா, அது நண்டுதின்னி. வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும்" என்றார்.

பிறகு அவர் சொன்னது முழுவதும் எனக்கு ஆச்சரியம். பாரசீக வளைகுடாத் தீவுகளிலும், செங்கடற்கரையிலும், சோமாலிய நாட்டுக் கரையோரத்திலும் இவை கோடையில் கூட்டங்கூட்டமாக மணலில் வளை தோண்டுகின்றன. சூரியன் காய்ச்சிய மணலின் உஷ்ணமே அடைகாக்கும் வேலையில் பெரும்பங்கை ஏற்கிறது. கரைப்பறவைகளில் இந்த உபாயத்தைக் கையாள்வது இது ஒன்றே. மற்றக் கரைப்பறவைகளின் முட்டைகளுக்குப் புள்ளியும் கறையும் உண்டு. வெட்டவெளியில் கண்ணுக்குப் படாதிருக்க அவை வேண்டும். இதன் முட்டையோ வெள்ளை வெளேரென்றிருக்கும். இருட்டுக்குள் கிடப்பதற்கு வேஷம் எதற்கு? குஞ்சு பொரித்த பிறகும் வளைக்குள்ளேயே இருக்க, தாயும் தந்தையும் நண்டு கொண்டுவந்து ஊட்டுகின்றன. இறக்கை முளைத்துக் கடல் கடந்து குளிர்காலத்துக்கு வந்து சேர்ந்த இடத்திலும் அந்த ஊட்டல் நிற்பதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. தனுஷ்கோடியில் பூநாரைகளின் பெயரால் ஒரு சரணாலயமும் 2025-இல் வந்தது. அங்கெல்லாம் விருந்தாளி இது.

"நீர் வற்றியிருக்கும் சில நாழிகைதான் இவற்றுக்குச் சாப்பாட்டு வேளை. ஒவ்வொரு வண்டியும் நின்று ஒரு முறை கை தட்டினால் கணக்கென்ன ஆகும்?"

எனக்குப் பதில் வரவில்லை. முந்தின நாள்தான் தகப்பனாருக்கு எள்ளும் நீரும் இறைத்த கை அது.

பிள்ளைகளை வண்டிக்குள் உட்காரச் சொன்னேன். ஓட்டுபவரிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் காத்திருந்தோம். கால் மணி ஆயிற்று, அரை மணியும் ஆயிற்று. நீர் மெல்ல ஏறத் தொடங்கியது. குஞ்சு நண்டைத் தொடவில்லை; கத்துவதையும் விடவில்லை. கடைசியில் தெற்கே இருந்து இரண்டு பறவைகள் தாழ்வாகப் பறந்து வந்து இறங்கின. அவற்றுள் ஒன்று குனிந்து, கிடந்த நண்டை எடுத்தது. குஞ்சு ஓடிப்போய்த் தலையைத் தாழ்த்திக்கொண்டு அதன் முன் நின்றது.

"புறப்படலாமா?" என்று ஓட்டுபவர் கேட்டார். "இன்னும் சற்றுப் பொறு அப்பா, அது தின்னட்டும்" என்றார் எங்கள் தாயார்.